படுக்கையருகே சொல்லத்தகாத ஒரு சொல்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, எலும்பு முறிவுப் பிரிவின் தாழ்வாரத்தில் ஒரு தாய் மயங்கி விழுந்தார். நோயாளி அவர் அல்லர், அவருடைய மகன். அந்த இளைஞர் ஓசூரில் ஒரு தொழிற்கூடத்தில் பிரஸ் எந்திரத்தில் வேலை செய்தவர். இரவு ஷிஃப்ட் முடிந்து இருசக்கர வாகனத்தில் ஊர் திரும்பும்போது நெடுஞ்சாலையில் அடிபட்டு, முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து எங்களிடம் வந்திருந்தார். தாய்க்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். மூன்று நாளாக அவர் உபவாசம் இருந்திருக்கிறார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்ததனால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிட்டது. செவிலியர் விரைந்து குளுக்கோஸ் ஏற்றியிராவிட்டால் அக்குடும்பத்தில் இரண்டாவது துயரம் நேர்ந்திருக்கும்.

எதற்காக அந்த உபவாசம் என்று மறுநாள் கேட்டோம். உண்மையில் கேட்டிருக்கத் தேவையில்லை, எங்களுக்குத் தெரியும். மூன்று நாளுக்கு முன் பார்க்க வந்த உறவினர் ஒருவர், பழப்பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, தலைமாட்டில் நின்று உருக்கமாக ஜெபித்துவிட்டு, புறப்படும்போது ஒரு சொல் சொன்னார்: "உங்கள் விசுவாசம் போதவில்லை. போதியிருந்தால் பையன் இந்நேரம் எழுந்து நடந்திருப்பான்." அவ்வேளையில் எங்களில் இருவர் அடுத்த கட்டிலருகே இருந்தோம். அச்சொல் எங்கள் செவியில் தெளிவாக விழுந்தது. விருந்தினர் மனம் புண்படக் கூடாதே என்றெண்ணி, கையிலிருந்த திருமறையைப் பார்த்தவாறே வாளாவிருந்துவிட்டோம். மயக்கம் தெளிந்த அத்தாய் எங்களைக் கண்டதும் கேட்ட முதற்கேள்வி, "ஐயா, என் விசுவாசந்தான் குறைச்சலா?" என்பதே.

அந்த மௌனத்திற்காக நாங்கள் வெட்கப்படுகிறோம். அன்று பேசத் தவறியதை இன்று இந்த ஏட்டில் பேச முற்படுகிறோம். "விசுவாசம் போதவில்லை" என்பது நோயாளரின் படுக்கையருகே எவரும் சொல்லத்தகாத சொல் என்பது எங்கள் உறுதியான கருத்து. அது மருத்துவத்துக்கு மட்டுமல்ல, கிறிஸ்தவ பக்திக்கும் விரோதமானது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பிழை என்று எவரும் எண்ண வேண்டா. "எந்தச் சாமி குத்தமோ", "போன பிறவியில் செய்த பாவம்", "நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் விட்டிருப்பீர்கள்" என்று வேறு வேறு உருவில் அதே சொல் எல்லா வார்டுகளிலும் உலவுகிறது. இந்த ஏட்டை வாசிப்போரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் நாங்கள் அறிவோம். எங்கள் வீட்டுக் கணக்கை முதலில் நாங்கள் சரிபார்க்கிறோம். பிறர் தத்தம் வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நற்செய்தி நூல்களைத் திறந்து பார்ப்போம். மாற்கு எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரர் வருகிறார். நான்கு பேர் அவரைச் சுமந்து வந்து, கூட்டத்தினால் வாசல் வழியே நுழைய இயலாமல், வீட்டுக் கூரையைப் பிரித்து, படுக்கையோடு கீழே இறக்குகின்றனர். இயேசு கண்டது அந்தச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்றே மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவரிடம் இருந்த விசுவாசத்தின் அளவைப் பற்றி அங்கே ஒரு விசாரணையும் இல்லை. யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த ஒருவர் நலம் பெறுகிறார். தம்மைக் குணப்படுத்தியவர் யார் என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது! பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று இயேசு மறுத்துவிட்டார். சீடர்கள் கேட்ட அதே கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பார்வையாளர் நேரத்தில் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நலம் பெறாதவர்களின் கதைகளும் அதே திருமறையில்தான் இருக்கின்றன. அவற்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை, அதைத் தாங்குவதற்குப் போதிய கிருபை உண்டு என்ற மறுமொழியே கிடைத்தது. அதே பவுல் தம் உடன்பணியாளர் துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்து நகரில் விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு ஒரே வரியில் எழுதுகிறார். எத்தனையோ பேருக்குச் சுகமளித்த கரங்கள் அவை. நண்பருக்கு ஏன் இயலவில்லை என்பதற்கு விளக்கம் இல்லை. துரோப்பீமுவின் விசுவாசத்தைக் குறித்து ஒரு குறைச்சொல்லும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்று முறை ஜெபித்தும் அந்தப் பாத்திரம் அவரைவிட்டு நீங்கவில்லை. விசுவாசத்தின் அளவுக்கேற்பச் சுகம் நிறுத்துத் தரப்படுகிறது என்றால், அந்தத் தராசில் யாரை வைக்கப் போகிறோம்?

கிருபை என்ற சொல்லின் பொருளே இங்குத் தவறவிடப்படுகிறது. தகுதி பாராமல், விலை பெறாமல் கொடுக்கப்படுவது கிருபை. தொழிற்பேட்டையில் உழைப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வருகைப் பதிவேடு, ஓவர்டைம், உற்பத்தி ஊக்கத்தொகை என்று ஒவ்வொரு மணித்துளிக்கும் கணக்குண்டு. அது கூலி, அதில் பிழையில்லை. ஆனால் மூன்று நாள் உபவாசத்துக்கு இவ்வளவு, ஏழு நாள் உபவாசத்துக்கு இவ்வளவு என்று இறைவனிடமும் பதிவேடு நீட்டத் தொடங்கினால், நாம் கேட்பது கிருபையன்று, சம்பளம். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றி இயேசு சொன்ன உவமையில், மாலையில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். விடியற்காலையில் வேலைக்கு அழைக்கப்படக் காத்து நாற்சந்தியில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அந்த முணுமுணுப்பும் புரியும், அழைக்கப்படாதவரின் கலக்கமும் புரியும்.

அப்படியானால் கிருபையை நம்புவது என்பது யாது? கொள்கையாக எடுத்துரைப்பதைவிட ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வது நலம். வாணியம்பாடி, ஆம்பூர் வழியே வேலூருக்கு நம் மாவட்டத்து நோயாளர்கள் காலங்காலமாகப் பயணம் செய்கின்றனர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றில் மேரி வர்கீஸ் என்றொரு மருத்துவர் உண்டு. 1925ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் பயின்றவர். 1954ஆம் ஆண்டு, சக மருத்துவர்களோடு அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே முழு உணர்விழப்பு. வயது முப்பதுகூட ஆகவில்லை. அறுவை மருத்துவராக வேண்டும் என்று கனவு கண்டவர், தாம் பயின்ற மருத்துவமனையிலேயே புரட்டிப் படுக்க வைக்கப்பட வேண்டிய நோயாளியானார்.

ஜெபிப்பதற்கு அவரைச் சுற்றி ஆட்களுக்குக் குறைவில்லை. ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை முழுவதும் இருந்தது. ஆயினும் அவர் கால்கள் மீண்டும் நடக்கவில்லை, அவர் இறக்கும் வரையில். இந்த உண்மையை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஏனெனில் இத்தகைய வரலாறுகளை மேடையில் சொல்லும்போது முடிவிலுள்ள வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு இடையிலுள்ள ஆண்டுகளை விழுங்கிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

அந்நாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் நமக்குத் தெற்கேயுள்ள கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். மலைமக்களிடையே ஊழியம் செய்த அவர் தந்தை 1929இல் காய்ச்சலால் அந்த மலையிலேயே மாண்டார். அப்போது மகன் இங்கிலாந்தில் பள்ளி மாணவன். தாய் ஈவ்லின் பிராண்ட் முதுமையிலும் மலைகளைவிட்டு இறங்க மறுத்து, 1974இல் தம் 95ஆம் வயதில் இறந்தார். நோயையும் இழப்பையும் வீட்டுக்குள்ளேயே கண்டு வளர்ந்த பால் பிராண்ட், உட்கார்ந்த நிலையிலேயே கைகளுக்கு அறுவை செய்யலாமே என்று மேரி வர்கீஸிடம் சொன்னார். சிறிய யோசனைதான். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, நிமிர வைக்கும் அறுவை அது. நோயாளியும் மருத்துவரும் இருவருமே அமர்ந்திருக்கலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த அறுவைகளைச் செய்யத் தொடங்கினார்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் நியூயார்க்கிலும் தம் உடலுக்கான பயிற்சியையும் மறுவாழ்வு மருத்துவத்தில் கல்வியையும் பெற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் முதுகுத்தண்டு அடிபட்டோர் தங்கிப் பயிற்சி பெறுவதற்கான மறுவாழ்வு மையம் அங்கே திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது. 1986இல் மறைவு. எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் கிடக்கும் ஓர் இளைஞருக்கு இன்று படுக்கைப்புண் வராமல் காக்கும் முறையும், கைகளால் தன் உடலைத் தூக்கிச் சக்கர நாற்காலிக்கு மாறும் பயிற்சியும் கிடைக்கிறதென்றால், இந்தத் துறையை நம் நாட்டில் ஊன்றியவர்களில் ஒருவர் தாமே நடக்க இயலாத அந்த அம்மையார் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அவருடைய விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிவோர் உண்டா? கால்கள் திரும்பாததால் கிருபை வரவில்லை என்பார்களா? கால்கள் போனதே நல்லதாயிற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதும் ஒரு கொடுமைதான். பிறருடைய துன்பத்துக்கு நாம் எழுதிவைக்கும் பொழிப்புரை அது. விபத்து விபத்தே. அதற்குப் பின்னும் ஒரு மனிதர் உள்ளே புதிதாகக்கூடும், அதற்கு உடல் முழுமையாகத் திரும்பவேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதே அந்த வாழ்க்கையில் நாங்கள் காண்பது. ஆவிக்குரிய புதுப்பித்தல் என்று எங்கள் மரபில் சொல்வது இதைத்தான்.

பால் பிராண்டைப் பற்றி இன்னொரு செய்தியும் இங்குச் சொல்லத்தக்கது. தொழுநோய் சதையைத் தின்று விரல்களை உதிரச் செய்கிறது என்றும், அது சாபத்தின் அடையாளம் என்றும் நெடுங்காலம் நம்பினர். நோயாளரின் கைகளைக் கூர்ந்து ஆராய்ந்த பிராண்ட், விரல்கள் குறைவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமைதான் என்று கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரிவதில்லை. புண்ணோடு வேலை செய்தாலும் தெரிவதில்லை. இரவில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. அதற்காகவே நோயாளர் வீடு திரும்பும்போது ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்! ஆயிரமாண்டுச் சாபக்கதைக்குப் பூனை மறுமொழியானது. இதே உணர்விழப்பு எங்கள் சர்க்கரை நோயாளரின் பாதங்களிலும் உண்டு. மாந்தோப்பில் வெறுங்காலோடு நடப்பவர் முள் தைத்ததை அறியாமல் பத்து நாள் கழித்துச் சீழோடு வருகிறார். அவருக்கு வேண்டியது பாவ விசாரணையன்று. இரவுதோறும் பாதத்தை விளக்கொளியில் பார்க்க ஒருவர், காலுக்கு ஏற்ற செருப்பு ஒன்று.

நோயாளருக்கு ஆறுதல் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நன்றாக உணர்ந்தவர் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் ஆபத்திலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கும் அங்கே இல்லம் அமைத்தவர். 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து காலில் அடிபட்டார். அதிலிருந்து 1951 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையையும் படுக்கையையும் விட்டகலவில்லை. அக்காலத்தில் அவர் எழுதி 1933இல் வெளிவந்த ஒரு நூல், நோயுற்றவர் நோயுற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்தது. நலமாயிருப்போர் நோயாளருக்கென எழுதும் அறிவுரைகள் அவருக்கு உதவவில்லை; அவை நோயின் இடத்தைத் தொடாமல் மேலே மிதப்பதை அவர் உணர்ந்தார். இந்தப் பக்கத்தை எழுதும் எங்களுக்கும் இது பொருந்தும். நாங்கள் மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள்.

"அப்படியானால் அற்புதங்களை மறுக்கிறீர்களா?" என்று எங்களைக் கேட்போர் உண்டு. மறுக்கவில்லை. எதிர்பாராத குணம் நேர்வதை மருத்துவர்களும் கண்டிருக்கிறார்கள். நாங்களும் கண்டு நன்றி செலுத்தியிருக்கிறோம். அதைக் கேட்டு ஜெபிப்பதும் பிழையன்று. நாங்களே நாள்தோறும் கேட்கிறோம். கேட்பது வேறு, கிடைத்துவிட்டதாக அறிவிப்பது வேறு. அந்த அறிவிப்பின் விலையை நோயாளரே செலுத்துகிறார்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டொரு வாரத்தில் இருமல் தணியும், பசியெடுக்கும், முகத்தில் தெளிவு வரும். சிறிய அறையில் ஆறு பேராகத் தங்கி வேலைக்குப் போகும் இளைஞருக்கு அப்போதே நோய் போய்விட்டது என்று தோன்றும். அந்த வேளையில் எவராவது, "சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டால் போதும். உயிரோடு எஞ்சியிருக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகக்கூடும். பின்பு வருவது நீண்ட, கடுமையான சிகிச்சை. அறையிலிருக்கும் மற்ற ஐவருக்கும் ஆபத்து. இன்சுலினை நம்பியே உயிர்வாழும் குழந்தைக்கோ சில நாள் இடைவெளிகூட உயிருக்கு உலையாகிவிடும். எங்கள் வேண்டுகோள் எளியது: ஜெபக்கூட்டத்துக்குச் செல்லுங்கள், மாத்திரைப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். நலமாகிவிட்டதாகத் தோன்றினால் மருத்துவரிடம் வந்து சொல்லுங்கள். சளியையும் இரத்தத்தையும் சோதித்து அவரே நிறுத்தட்டும். உண்மையான சுகம் ஆய்வுக்கூடத்தைக் கண்டு அஞ்சாது.

எசேக்கியா அரசன் சாகும் தறுவாயில் அழுது ஜெபித்தான். அவனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. அந்த நற்செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசி, அதே மூச்சில் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் வைத்துக் கட்டச் சொன்னார். ஆண்டவரின் வாக்குறுதி கிடைத்த பிறகும் மருந்து தேவைப்பட்டது! லூக்காவைப் பவுல் அன்புள்ள மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக் நூல், மருத்துவரையும் மருந்தையும் மதிக்க வேண்டும் என்று ஓர் அதிகாரத்தில் விரிவாகவே சொல்கிறது. வீடு தேடி மாத்திரை கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இரத்த அழுத்த மாத்திரையோடு வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணை, உங்கள் ஜெபத்துக்குக் கிடைத்த மறுமொழிகளில் ஒன்றாக எண்ணினால் என்ன குறைந்துவிடும்?

நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தைப் பற்றியும் ஒரு சொல். தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல எங்களிடம் வருகின்றன. குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வார்டுக்குள் நுழைந்ததும் சிலர் கதறத் தொடங்கிவிடுகின்றனர். அவஸ்தைப்பூசுதல் என்று பாட்டிமார் சொன்னது நெஞ்சில் பதிந்திருக்கிறது. சாவுக்கு முந்தைய கடைசிச் சடங்கு என்ற அந்த எண்ணத்தை மாற்றவே இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதன் பெயரையும் நோக்கையும் சீர்ப்படுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய முறையை வகுத்தார். அறுவைக்கு முன்பும், முதுமைத் தளர்ச்சியிலும், நீடித்த நோயிலும் அதைப் பெறலாம். ஒருமுறைக்கு மேலும் பெறலாம். ஆகவே குருவானவரைக் கண்டு அஞ்ச வேண்டா. கடைசி மணிவரை காத்திருந்து அவரை அழைக்கவும் வேண்டா.

படுக்கையில் கிடப்பவர் எப்படி ஜெபிப்பது? நீண்ட ஜெபம் நோயாளருக்கு ஏற்றதன்று. காய்ச்சலிலும் வலியிலும் ஒரு வாக்கியத்தைக்கூட மனம் முடிக்காது. கிருபை என்ற ஒரு சொல்லே போதும். எங்கள் வார்டுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கின்றன. தெலுங்கர் 'கிருப' என்கிறார், கன்னடர் 'கிருபெ' என்கிறார், நாம் கிருபை என்கிறோம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே நடக்கும் ஒரே உரையாடல் அதுதான். கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள். சங்கீதங்களில் 88ஆவது, இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. இறுதியில்கூட ஆறுதலாக ஒரு வரி இல்லை. அதுவும் திருமறைக்குள்ளே இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது. முறையிடுகிறவர் விசுவாசத்தை இழந்தவர் அல்லர். யாரிடம் முறையிடுவது என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை.

பார்க்க வருவோருக்கு யோபுவின் நண்பர்களைக் காட்டுவோம். அவர்கள் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது முழுவதும் சரி. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது; கடைசியில் இறைவன் கடிந்துகொண்டதும் அவர்களைத்தான், முறையிட்ட யோபுவை அன்று. ஆகவே கட்டிலருகே வந்தால் அமருங்கள். தண்ணீர்ப் பாட்டிலை நிரப்புங்கள். உடனிருப்பவரைக் குளிக்கவும் உண்ணவும் அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் அவரிடத்தில் இருங்கள். சர்க்கரை நோயாளர் உபவாசம் இருக்க விரும்பினால், முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

உடனிருக்க ஒருவருமே இல்லாதவர்களும் உண்டு. ஸ்ரீநகரிலிருந்து வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும் தில்லியிலிருந்து வரும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் ஒன்றாக ஓடிவந்து பிரியும் ஊர் கிருஷ்ணகிரி. வேலை தேடி அந்தச் சாலைகளில் வந்து இறங்கியவர்கள், அதே சாலைகளில் அடிபட்டு எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். தொலைவிலுள்ள பெற்றோர் ரயிலேறி வந்து சேர நாட்களாகும். பெதஸ்தா குளத்தருகே கிடந்தவரின் துயரமும் அதுவே: தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை என்பது. எங்கள் வார்டில் ஒடிசாவைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு மூன்று வேளையும் கஞ்சி ஊட்டியவர் பக்கத்துக் கட்டில் நோயாளரின் மனைவி, ஓர் இஸ்லாமியப் பெண்மணி. இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் கிடையாது. அவரிடம் எவரும் விசுவாசத்தைப் பற்றிப் பேசியதாக எங்களுக்கு நினைவில்லை.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்ன மறுமொழியைச் சொல்லவில்லையே. "அம்மா, உங்கள் விசுவாசத்தில் குறையில்லை. அன்று அதைக் கேட்டும் பேசாமலிருந்தது எங்கள் குறை" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இட்லி கேட்டார்.

அவர் மகன் இன்னும் நடக்கவில்லை. நடப்பாரா என்பதற்கு மருத்துவர் உறுதி கூறவில்லை; நாங்களும் கூறவில்லை. இப்போது கைகளால் உடலைத் தூக்கப் பழகுகிறார். அதுவரை படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சென்ற வாரம் மாலை நாங்கள் ஜெபிக்கப் போயிருந்தோம். சற்று நீண்டுவிட்டது போலும். அந்தத் தாய் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா, மணி நாலாச்சு. ஆமென் சொல்லிட்டு அந்தப் பக்கம் பிடியுங்க" என்றார். ஆமென் சொன்னோம். விரிப்பின் நான்கு மூலைகளில் ஒன்றை அவர் பிடித்தார், ஒன்றைச் செவிலியர் பிடித்தார், மற்ற இரண்டை நாங்கள் பிடித்தோம்.